ஒழுகும் இருதய வால்வும் நெஞ்சைத் திறவாத சிகிச்சையும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாம் அடிக்கடி காணும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சொந்த ஊரில் தனித்திருந்த தாயோ தந்தையோ, முதுமை வந்ததும், மகனுடனோ மகளுடனோ இருப்பதற்கென்று டில்லிக்கோ மும்பைக்கோ நாகபுரிக்கோ வந்து சேருகின்றனர். ஊரில் திண்ணையும் கூடமுமாகத் தரையோடு அமைந்த வீட்டில் வாழ்ந்தவர்கள், இங்கே இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் படியேறி வாழ வேண்டியவராகின்றனர். சில மாதங்கள் கழிந்தபின், "படி ஏறினால் இளைக்கிறது" என்று ஒருநாள் சொல்கின்றனர். வயதாகிவிட்டது, வடநாட்டுக் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலுள்ளோர் ஆறுதல் கூறிக்கொள்கின்றனர். பேச்சு அவ்வளவில் முடிந்துவிடுகிறது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும். கும்பகோணத்தை அடுத்த ஊரிலிருந்து 74 வயதுள்ள அம்மையார் ஒருவர் டில்லியிலுள்ள தம் மகன் வீட்டுக்கு வந்தார். 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'இளைக்கிறது' என்று அவர் சொன்னபோது, மகன் அலுவலகத்தில் இருந்தமையால், பேரன் அவரை அருகிலிருந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். பேரன் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் அறிந்த 'இளைத்தல்' ஒன்றே. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், "குழந்தை இளைத்துப் போய்விட்டானே" என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் அவன். ஆகவே, பாட்டி மெலிந்துபோய்விட்டார், பலவீனமாக இருக்கிறார் என்று மருத்துவரிடம் இந்தியில் சொன்னான். மருத்துவரும் பலவீனத்துக்கு உரிய மருந்தையே கொடுத்தார். இரத்தச் சோதனைகள் நடந்தன, டானிக்குகள் வந்தன. இவ்வாறு பதினொரு மாதங்கள் கழிந்தன. அடுத்த குளிர்காலத்தில் அம்மையாரால் மல்லாந்து படுக்க இயலவில்லை. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து கொண்டும், நள்ளிரவில் எழுந்து சன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தும் இரவுகளைக் கழித்தார்.

மொழிபெயர்ப்பு நமது தொழிலாதலால், பெரிய மருத்துவமனைக்குச் சென்றபோது துணைக்கு வருமாறு அவர் மகன் நம்மை அழைத்தார். அங்கிருந்த மருத்துவர், "சாஸ் பூல்தீ ஹை?" என்று கேட்டார். "அம்மா, மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்கிறார்" என்றோம். "அதைத்தானே ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார் அம்மையார். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்க மார்பில் வைத்துச் சற்று நேரம் கேட்டார். அன்றைக்கே எக்கோப் படம் எடுக்கச் சொன்னார். இருதயத்தின் மிட்ரல் வால்வு கடுமையாக ஒழுகுகிறது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தமையால் ஓர் ஆண்டு வீணாயிற்று.

ஒழுகும் வால்வு என்பது யாது? நெஞ்செலும்பைப் பிளக்காமல் அதைச் சரிப்படுத்த இன்று என்ன வழிகள் உள்ளன? அவற்றுள் எது யாருக்குப் பொருந்தும்? இவற்றை அறிந்து வைத்துக்கொள்வது, முதியோரைத் தம்முடன் வைத்துக் காக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும்.

இருதயம் நான்கு அறைகள் கொண்ட தசைப் பை. மேலே இரண்டு, கீழே இரண்டு. உடலெங்கும் சுற்றித் திரும்பும் இரத்தம் வலப்பக்கத்து அறைகளை அடைந்து நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே பிராணவாயுவைப் பெற்று இடப்பக்கத்து மேலறைக்கு வந்து, கீழறையில் இறங்கி, அங்கிருந்து மகா தமனி வழியாக உடலெங்கும் அனுப்பப்படுகிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது; ஒரு நாளில் ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடிக்கிறது. இரத்தம் முன்னோக்கி மட்டும் செல்லும்படி பார்த்துக்கொள்பவை நான்கு வால்வுகள். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வலப்பக்கத்தில் டிரைகஸ்பிட் வால்வும், இடப்பக்கத்தில் மிட்ரல் வால்வும் உள்ளன. நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் வாயிலிலும் மகா தமனியின் வாயிலிலும் மற்றை இரண்டும் அமைந்துள்ளன.

கிராமத்தில் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. குழாயின் அடியில் ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால், ஏற்றிய நீர் மீண்டும் கிணற்றிலேயே விழுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மின்சாரமும் செலவாகும், வயலுக்கு வரவேண்டிய நீர் மட்டும் குறைந்துவிடும். ஒழுகும் வால்வை உடைய இருதயத்தின் நிலையும் இதுவே. மிட்ரல் வால்வு ஒழுகினால், கீழறை சுருங்கும்போது இரத்தத்தின் ஒரு பகுதி மகா தமனிக்குப் போகாமல் மேலறைக்கே திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பாதியோ அதற்கு மேலோ திரும்புமானால் அதைக் கடுமையான ஒழுக்கு என மருத்துவர்கள் கணிக்கின்றனர். திரும்பிய இரத்தம் மேலறையில் தேங்க, அதன் அழுத்தம் நுரையீரலைத் தாக்குகிறது. மூச்சு வாங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும், காலில் வீக்கம் காண்பதும், காரணமில்லாத அசதியும் இவ்வாறு தோன்றுவனவே.

இங்கே ஒரு வஞ்சகமும் உண்டு. இருதயம் எளிதில் குறை கூறாத உறுப்பு. ஒழுக்கை ஈடுசெய்ய அது தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. எக்கோ அறிக்கையில் 'எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்' என்றொரு எண் இருக்கும். கீழறையில் நிறைந்த இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதை அது காட்டும். 55 அல்லது 60 என்றிருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. ஆனால், வால்வே கெட்டு மிட்ரல் ஒழுக்குக் கடுமையாக இருக்கும்போது இக்கணக்குப் பொருந்தாது. வெளியேறிய இரத்தத்தில் ஒரு பங்கு எதிர்ப்பின்றிப் பின்னோக்கியே போகிறபடியால், எண் உயர்ந்தே காணப்படும். ஆகவே அத்தகைய நோயாளிக்கு அது 60-க்கு இறங்கினாலே இருதயத் தசை களைக்கத் தொடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கொள்கின்றனர். 'எண் நன்றாகத்தானே இருக்கிறது' என்று அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது தவறாக முடியலாம்.

சிகிச்சைகளைப் பற்றிப் பேசுமுன், வால்வு ஏன் ஒழுகுகிறது என்பதை அறிய வேண்டும். மற்றவை எல்லாம் இந்த ஒரு வினாவைப் பொறுத்தே அமையும். மிட்ரல் வால்வுக்கு இரண்டு இதழ்கள் உண்டு. அவை ஒரு வளையத்தில் பொருந்தியிருக்கின்றன. இதழ்களின் ஓரத்திலிருந்து மெல்லிய நாண்கள் கீழறையின் தசைத் தூண்களுக்கு இறங்கி, குடைத் துணியைக் கம்பிகள் பிடித்திருப்பதுபோல, இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாதபடி இழுத்துப் பிடிக்கின்றன. வீட்டில் ஒரு கதவு சரியாகச் சாத்தாவிட்டால் நாம் இரண்டு காரணங்களை எண்ணுவோம். கதவே கெட்டிருக்கலாம், அன்றிக் கதவு நன்றாக இருக்க, சுவர் அசைந்து நிலை விலகியிருக்கலாம். வால்விலும் அப்படியே. இதழ் தளர்ந்து பிதுங்குவது, நாண் நீண்டுபோவது அல்லது அறுந்துபோவது ஆகியவை கதவு கெட்ட வகை. மாரடைப்பாலோ வேறு நோயாலோ கீழறை வீங்கிப் பெருத்து, வளையம் விரிந்து, நல்ல இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் நிற்பது நிலை விலகிய வகை. முன்னதில் வால்வைச் சரிப்படுத்தினால் நோய் தீரும். பின்னதில் நோய் இருக்குமிடம் இருதயத் தசை. வால்வு அதன் பலனை அனுபவிக்கிறது.

நம் நாட்டில் மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் ஒருவகைக் கிருமியால் தொண்டைப் புண் உண்டாகி, அதைத் தொடர்ந்து வாதக் காய்ச்சல் வந்தால், அது வால்வின் இதழ்களைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடும். முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கிக் காய்ச்சல் கண்ட குழந்தைகள் பலர், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து மூச்சிரைப்புடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். அக்காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் போடுவது, நோய் மீண்டும் தாக்காமல் காக்கும் மலிவான வழி. இவ்வகையில் வால்வு ஒழுகுவதோடு குறுகியும் போவதுண்டு. இவ்வேறுபாடு பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இருதயத்தை நிறுத்தி வைத்துத் திறந்து பார்ப்பதற்கு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அதுவரை செய்ய ஓர் இயந்திரம் வேண்டும். அவ்வியந்திரத்தைக் கொண்டு 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் முதல் வெற்றி கண்டார். 1960-இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவர், எட்வர்ட்ஸ் என்ற பொறியியலாளருடன் சேர்ந்து உருவாக்கிய செயற்கை வால்வை மிட்ரல் வால்வின் இடத்தில் பொருத்தினார். பின்னர் பிரான்ஸ் நாட்டின் அலேன் கார்ப்பாந்தியே, வால்வை மாற்றுவதைவிட உள்ள வால்வையே செப்பனிடுவது மேல் என்று காட்டி, அதற்கான முறைகளை வகுத்தார். நமது நாட்டில் திருவனந்தபுரத்துச் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் வலியத்தான் அவர்களின் தலைமையில் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990-ஆம் ஆண்டில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டுத் திகைத்து நின்ற ஏழைகளுக்கு அது வழி திறந்தது.

கதவு கெட்ட வகையில், உடல் தாங்கக்கூடியவர்களுக்கு, திறமையான கைகளால் செய்யப்படும் அறுவைச் செப்பனிடுதலே இன்றும் முதலிடம் பெறுகிறது. ஆனால் இதற்கு நடு நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டும். எலும்பு கூடப் பல வாரங்கள் ஆகும். இதைத் தவிர்க்கும் முதல் வழி, சிறு துளை அறுவை. வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் நீளமுள்ள பிளவின் வழியாக, நுண்ணிய காமிராவின் துணையால், சில இடங்களில் ரோபோக் கருவியின் துணையாலும், அதே செப்பனிடுதலைச் செய்கின்றனர். வலியும் இரத்தச் சேதமும் குறைவு. விரைவில் நடமாட முடியும். எனினும் இதிலும் இருதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் இணைக்கத்தான் வேண்டும். 'சிறு துளை' என்ற சொல்லைக் கேட்டவுடன் இது சிறு அறுவை என்று நினைத்துவிடலாகாது. தழும்பே சிறியது.

இரண்டாவது வழி முற்றும் வேறானது. அதன் வரலாறு 1929-இல் தொடங்குகிறது. ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், தம் கையிலுள்ள இரத்தக் குழாய் வழியே நீண்ட மெல்லிய குழாய் ஒன்றைத் தாமே செலுத்தி, அதன் முனை இருதயத்தை எட்டியதை எக்ஸ்-ரே படத்தில் காட்டினார். அன்று கடிந்துகொள்ளப்பட்ட அச்செயலுக்கு 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தக் குழாயே இருதயத்துக்குச் செல்லும் இராஜபாட்டை என்பதை உலகம் அறிந்தது. 1991-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஒட்டாவியோ அல்ஃபியேரி, ஒழுகும் மிட்ரல் வால்வின் இரு இதழ்களையும் நடுவில் ஒரே தையலால் இணைத்தார். ஒரு வாயில் இரண்டு வாயில்களாயிற்று. இரத்தம் இறங்குவதற்கு இடமும் இருந்தது, ஒழுக்கும் குறைந்தது. இத்தையலைக் குழாய் வழியே போட முடியாதா என்ற எண்ணத்தின் விளைவே இன்று பெயர் பெற்றுள்ள மிட்ரல் கிளிப். 2003-ஆம் ஆண்டில் வெனிசுலா நாட்டில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

கிளிப் பொருத்தும் முறை இதுவாகும். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, தொடை இடுக்கிலுள்ள பெரிய சிரை வழியே சுமார் 8 மி.மீ. தடிப்புள்ள குழாயை வலது மேலறைக்குச் செலுத்துகின்றனர். இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவரில் ஒரு துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைகின்றனர். உணவுக் குழாயில் இறக்கிய எக்கோக் கருவி, துடிக்கும் இருதயத்தின் உருவத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தவாறே, துணி உலர்த்தும் கொடியில் மாட்டும் கிளிப்பைப் போல இரு கைகள் கொண்ட சிறு உலோகக் கருவியை வால்வுக்குக் கீழே இறக்கி, இரண்டு இதழ்களின் ஓரங்களையும் பற்றி மூடுகின்றனர். ஒழுக்குக் குறைந்ததா என்று அப்போதே பார்க்கின்றனர். குறையவில்லையெனில் கிளிப்பைத் திறந்து வேறிடத்தில் பற்றலாம். வேண்டுமானால் இன்னொன்றும் வைக்கலாம். திருப்தியான பிறகே அதை விட்டுவிட்டுக் குழாயை வெளியே எடுக்கின்றனர். இருதயத்தை ஒரு கணமும் நிறுத்துவதில்லை. பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புகின்றனர்.

இத்துணை எளிதாயிருக்க, எல்லோருக்கும் இதையே செய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை ஆராய்ச்சிகளில் இருக்கிறது. 2011-இல் வெளியான 'எவரெஸ்ட்-2' என்ற ஆராய்ச்சியில் 279 நோயாளிகளுள் ஒரு சாராருக்குக் கிளிப்பும் மற்றவர்களுக்கு அறுவையும் செய்யப்பட்டன. முதல் முப்பது நாட்களில் பெரிய இன்னல்கள் கிளிப் பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கும், அறுவை பெற்றவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கும் நேர்ந்தன. இரத்தம் ஏற்ற வேண்டி வந்ததும் இக்கணக்கில் சேர்ந்தது. ஆனால் ஓராண்டுக்குள் வால்வுக்காக அறுவை தேவைப்பட்டது கிளிப் பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு. அறுவை பெற்றவர்களில் மறுபடியும் தேவைப்பட்டது நூற்றுக்கு 2 பேருக்கே. கிளிப் மென்மையானது, அறுவை உறுதியானது. ஆகவே கதவு கெட்ட வகையில், முதுமையாலோ வேறு நோய்களாலோ அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கே முதலில் கிளிப் ஏற்றதாயிற்று.

நிலை விலகிய வகையில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 2018-ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிகள் அடுத்தடுத்து வெளிவந்தன. பிரான்ஸ் நாட்டில் 304 பேரிடம் நடந்த 'மித்ரா' ஆராய்ச்சி, மருந்தோடு கிளிப்பும் பெற்றவர்களுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் ஓராண்டில் வேறுபாடு இல்லை என்றது. பெரும்பாலும் அமெரிக்காவில் 614 பேரிடம் நடந்த 'கோஆப்ட்' ஆராய்ச்சியோ, இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 46 பேர், கிளிப்பும் பெற்றோரில் 29 பேர் என்று காட்டியது. ஒரே கருவி; ஆனால் இருவேறு முடிவுகள். மருத்துவ உலகம் இதைப் பற்றி நெடுநாள் விவாதித்தது. 'கோஆப்ட்' ஆராய்ச்சியாளர்கள் முதலில் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்து, அதன் பின்னும் ஒழுக்குக் கடுமையாக இருந்தவர்களையே பெரிதும் தேர்ந்தனர்; இருதயம் எல்லை மீறிப் பெருத்தவர்களை விலக்கினர். 'மித்ரா'வில் இருதயம் மிகவும் பெருத்து, அதற்கு ஒப்ப ஒழுக்குப் பெரிதில்லாதவர்கள் பலர் இருந்தனர். வேறுபாட்டுக்கு இதுவே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். சுவரே சரிந்த வீட்டில் கதவை மட்டும் இறுக்கிப் பயன் என்ன? கருவியைவிட ஆளைத் தேர்வதே முக்கியம் என்பதை இவ்விரு ஆராய்ச்சிகளும் சேர்ந்து கற்பித்தன.

வாதக் காய்ச்சலால் கெட்ட வால்வுக்குக் கிளிப் பெரும்பாலும் உதவாது. இதழ்கள் தடித்துச் சுருங்கியிருப்பதால் பற்றுவது கடினம். ஏற்கெனவே குறுகிய வாயிலைக் கிளிப் மேலும் குறுக்கிவிடும். குறுகல் மிகுந்து ஒழுக்குக் குறைவாயிருந்தால், குழாய் வழியே பலூனைச் செலுத்தி வாயிலை விரிக்கும் முறை உண்டு. ஜப்பானியரான கான்ஜி இனோவே 1980-களில் உருவாக்கிய அம்முறை நம் நாட்டில் பரவலாகக் கையாளப்படுகிறது. ஒழுக்கும் கடுமையாக இருப்பின் அறுவையே வழி. வெளிநாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு, 'எங்களுக்கும் கிளிப் வையுங்கள்' என்று கேட்கும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மற்றை வால்வுகளைப் பற்றியும் சுருக்கமாகக் கூறுவோம். டிரைகஸ்பிட் வால்வின் ஒழுக்கு, காலிலும் வயிற்றிலும் நீர் கோக்கச் செய்வது, நெடுங்காலம் கவனிப்பாரற்றிருந்தது. அதற்கான கிளிப்பை 350 பேரிடம் சோதித்த ஆராய்ச்சி 2023-இல் வெளிவந்தது. ஓராண்டில் ஆயுள் கூடியதாகக் காணப்படவில்லை. ஆனால் ஒழுக்குக் குறைந்து அன்றாட வாழ்க்கை எளிதாயிற்று. மகா தமனி வால்வைக் குழாய் வழியே பொருத்துவதை 2002-இல் பிரான்ஸில் அலேன் கிரிபியே தொடங்கி வைத்தார். அது பெரும்பாலும் குறுகிய வால்வுக்கு உரியது. சுண்ணாம்பு படிந்து இறுகிய பழைய வால்வில் புதியது ஊன்றி நிற்கும். ஒழுகும் வால்விலோ அத்தகைய பிடிப்பு இருப்பதில்லை. இதழ்களையே பற்றிக்கொண்டு நிற்கும் தனி வகை வால்வுகள் அண்மையில்தான் தோன்றியுள்ளன. பிறவிக் கோளாறுக்கு அறுவை செய்துகொண்ட குழந்தைகளின் நுரையீரல் வால்வை நெஞ்சைத் திறவாமல் மாற்ற முடியும் என்பதை 2000-ஆம் ஆண்டிலேயே பிலிப் பான்ஹோஃபர் காட்டினார். மாட்டின் கழுத்துச் சிரையிலுள்ள வால்வை அவர் பயன்படுத்தினார்.

குழாய் வழிச் சிகிச்சையிலும் ஆபத்துகள் உண்டு. துளையிட்ட இடத்தில் இரத்தக் கசிவு, இருதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குதல், கிளிப் ஓர் இதழை நழுவவிடுதல், அரிதாகப் பக்கவாதம் ஆகியவை நேரலாம். சிறிதளவு ஒழுக்குப் பெரும்பாலும் மிஞ்சியே இருக்கும். மருந்தையும் ஆண்டுதோறும் எக்கோப் படத்தையும் விட்டுவிட முடியாது. செயற்கை வால்வோ கிளிப்போ உள்ளவர்கள் பல் பிடுங்கிக்கொள்ளுமுன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து வால்வில் தங்காதிருக்க முன்கூட்டி மருந்து தருவார்.

செலவையும் மறைக்கலாகாது. கிளிப்புச் சிகிச்சை பல இலட்சம் ரூபாய் பிடிக்கும். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. 2024 முதல் 70 வயது நிரம்பியோர் வருமான வரம்பின்றி அதில் சேரலாயினர். ஒரு மாநிலத்தில் பெற்ற அட்டையை, திட்டம் நடைபெறும் பிற மாநிலத்து அங்கீகார மருத்துவமனைகளிலும் காட்டலாம் என்பது நம் போன்றவர்களுக்கு முக்கியமானது. ஆனால் எந்தச் சிகிச்சை அதில் அடங்கும், எது அடங்காது என்பதை மருத்துவமனையில் முன்னதாகவே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு ஊழியர்களும் தம் திட்டத்தில் அவ்வாறே முன் அனுமதி பெறுதல் நலம்.

மருத்துவரிடம் செல்லும்போது மூன்று வினாக்களை எழுதிக்கொண்டு செல்லலாம். வால்வு ஏன் ஒழுகுகிறது? இருதயத் தசை எந்த நிலையில் இருக்கிறது? அறுவை மருத்துவரும் குழாய் வழிச் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்தார்களா? ஊரில் எடுத்த பழைய எக்கோ அறிக்கைகளையும், சிறுவயதில் மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் வந்ததா என்ற செய்தியையும் உடன் கொண்டு செல்லுங்கள். புதிய ஊர் மருத்துவர் அறிய முடியாதது இந்தப் பழைய கதைதான்.

இவற்றினும் முக்கியமானது சொல். முதியவர் சொன்னதைச் சுருக்கிப் 'பலவீனம்' என்று சொல்லிவிடாதீர்கள். இந்தியில் மூச்சு வாங்குவதற்கு 'சாஸ் பூல்னா' என்பர். மராத்தியில் 'தாப் லாகணே' என்பர். அச்சொல் நினைவுக்கு வராவிட்டால் செயலைச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு நிற்காமல் மூன்று மாடி ஏறினார். இப்போது முதல் மாடியிலேயே நிற்கிறார். ஒரு தலையணை போதுமாயிருந்தது. இப்போது மூன்று வேண்டும். இரவில் எழுந்து உட்காருகிறார். இவ்வாறு சொன்னால் எந்த மொழியிலும் பொருள் மாறாது.

அந்த அம்மையாருக்கு நாண் அறுந்திருந்தது. கதவு கெட்ட வகை. ஓராண்டுக்கு முன்பே கண்டிருந்தால் அறுவையைத் தாங்கியிருக்கக்கூடும் என்றனர் மருத்துவர்கள். இதற்குள் சிறுநீரகமும் தளர்ந்துவிட்டிருந்தது. ஆகவே கிளிப் வைத்தனர். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். சிறிது ஒழுக்கு மிஞ்சியிருக்கிறது, மாத்திரைகளும் தொடர்கின்றன. இரண்டாம் மாடித் திருப்பத்தில் இன்றும் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறுகிறார். பேரன் இப்போது பாட்டியின் சொற்களை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறான். முதல் பக்கத்தில் 'இளைத்தல்' என்று எழுதி, அதன் எதிரே இரண்டு பொருள்களையும் குறித்திருக்கிறான்.